ஒரே சேவல், இரண்டு தொப்பிகள்

மான்செஸ்டர் பக்கத்து எங்கள் ஆல்டர்ஷாவில் ஒரு பெண்பிள்ளை யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துகொள்ள அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. தலையைப் பார்த்தால் போதும். பஞ்சாலையில் தறி ஓட்டுகிறவள் தலையில் கம்பளிச் சால்வை இருக்கும். கணக்கர் மனைவி, கடைக்காரர் மகள், போதகர் வீட்டம்மா, மில் முதலாளியம்மா, இவர்கள் தலையில் தொப்பி இருக்கும். தறிக்காரி ஒருத்தி ஆசைப்பட்டுத் தொப்பி வைத்துக்கொண்டு மில் வாசலுக்கு வந்தால் அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் மானம் காற்றில் பறக்கும்.

டோர்கஸ் ஹோல்ட் அப்படிப் பறக்கவிட்டவள். பன்னிரண்டு வயதில் தறிக்கு முன்னால் நின்றாள். இருபத்திரண்டில் இருமல் என்று சொல்லி மில்லிலிருந்து நின்றாள். நின்ற மறுநாளே இருமல் போய்விட்டது. மான்செஸ்டரில் ஒரு தொப்பிக் கடையில் ஆறு வருஷம் ஊசி பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, பாலத்துத் தெருவில் சொந்தக் கடை போட்டாள். 'மேடம் டோர்கஸ், பாரீஸ்' என்று பலகை. அவள் பாரீசைப் பார்த்ததில்லை, பாரீசுக்கும் அவளைத் தெரியாது. ஆனால் பலகையைப் படித்தவர்களில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அவர்களும் பாரீசைப் பார்த்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே கடையை மூடச் சொன்னார்கள். "உங்களை மூடிக்கிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டாள்.

மில்லை விட்டாலும் மில் அவளை விடவில்லை. தறிச் சத்தத்தில் காது கேட்காது, அதனால் எங்கள் ஊர்த் தறிக்காரிகள் உதட்டாலேயே பேசுவார்கள். சத்தமே வராது. வாயை அகலத் திறந்து, முகத்தைக் கோணி, ஒவ்வொரு எழுத்தையும் வடித்துக் காட்டுவார்கள். ஐம்பது அடி தள்ளி நிற்கிறவளுக்கு ஊர் வம்பு முழுக்கப் போய்ச் சேரும். டோர்கஸ் தொப்பிக்காரியான பிறகும் தெருவின் எதிர்ப்பக்கம் போகிற சால்வைக்காரிகள் தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகவே படித்துவிடுவாள். அதனால் அவளுக்குச் சந்தோஷம் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

1909-ஆம் வருஷம் தொப்பிகளுக்குப் பைத்தியம் பிடித்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு வளர்ந்தன. அந்தத் தொப்பி தலையில் நிற்க ஒரு அடி நீள ஊசிகள் இரண்டு மூன்று வேண்டும். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்த ஆண்கள் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பயணம் செய்தார்கள். கோயில் வாசலில் அம்மாள்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தார்கள். சபையில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதிவைத்துவிட்டதால் தொப்பியைக் கழற்று என்று போதகர் சொல்ல முடியாது. நான்காவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் ஒரு வருஷமாகப் போதகர் முகத்தையே பார்க்கவில்லை. இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

அந்தத் தொப்பிகளுக்கு மேல் இறகுகள். அதிலும் உசத்தி, பனி மாதிரி வெள்ளையாக, மூச்சு விட்டால் ஆடுகிற மெல்லிய இழைகள். கடைக்காரர்கள் அதை 'ஆஸ்ப்ரே' என்பார்கள். ஆஸ்ப்ரே என்பது உண்மையில் மீன் பிடிக்கிற பருந்து, அதன் உடம்பில் தொப்பிக்கு ஆகிற இறகு ஒன்றுகூடக் கிடையாது. இந்த இறகு வெண்கொக்கினுடையது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலத்தில் மட்டும் அதன் முதுகில் முளைக்கும். கொக்கைக் கூட்டில் வைத்துச் சுட்டால்தான் கிடைக்கும், குஞ்சுகள் கூட்டிலேயே கத்திக் கத்திச் சாகும். இது டோர்கஸுக்கு மான்செஸ்டரிலேயே தெரியும். ஆனால் அவள் கடையில் கொக்கு இறகு இல்லாததற்கு அவளுடைய கருணை காரணம் இல்லை. தங்கத்தின் விலைக்கு இறகு வாங்க அவளுக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு இருந்த வழி ஹன்னா. ஹன்னா டோர்கஸின் தம்பி பெண்டாட்டி. வாரத்தில் ஐந்தரை நாள் தறி, மிச்ச நேரம் மேட்டு நிலத்தில் கோழி வளர்ப்பு. அவளிடம் ஒரு வெள்ளைச் சேவல் இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும், காரியம் ஒன்றும் செய்யாது என்பதால் அதற்கு 'பிஷப்' என்று பெயர் வைத்திருந்தாள். பிஷப்பின் வால் இறகுகளை டோர்கஸ் சவரக் கத்தியால் இழை இழையாகக் கிழிப்பாள். கெட்டில் ஆவியில் காட்டிச் சுருட்டுவாள். மெல்லிய கம்பியில் கட்டுவாள். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் கொக்கே ஏமாந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பெந்தெகொஸ்தே வாரத்துக்குப் புதுத் துணி போட்டே ஆக வேண்டும். புதுத் தொப்பி இல்லாமல் ஊர்வலத்தில் நடப்பதைவிட அந்த வாரம் செத்துப்போவது கௌரவம். ஏப்ரல் கடைசியில் மில் முதலாளியம்மாள் ராம்ஸ்டன் கடைக்கு வந்தாள்.

"ஏம்மா டோர்கஸ், இது நிஜ ஆஸ்ப்ரேதானே? போன வருஷம் லீட்ஸ்ல ஒருத்தி என்னை ஏமாத்திட்டா."

"ஐயோ அம்மா, உங்க தலையில பொய்யைக் கொண்டுபோய் வெப்பேனா? சவுத் அமெரிக்காவுல இருந்து வந்த சரக்கு. இதுக்கு ரெண்டு பறவை செத்திருக்கு."

"ரெண்டா?" ராம்ஸ்டன் அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. "சரி, கட்டிக் குடு."

அதே வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் போதகர் மனைவி பெல்லாமி அம்மாள் வந்தாள். பெல்லாமி அம்மாள் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். எங்கள் ஊரில் அந்தச் சங்கத்தில் அவள் ஒருத்திதான். ஆனாலும் ராம்ஸ்டன் அம்மாள் தலைக்குக் கொஞ்சமும் குறையாமல் தன் தலையும் இருக்க வேண்டும் என்ற ஆசை சங்கத்துக்குத் தெரியாமல் அவளுக்குள் இருந்தது.

"மிஸ் ஹோல்ட், பறவை சம்பந்தமே இல்லாம, அதே மாதிரி... புரியுதில்ல? அதே மாதிரி வேணும்."

"இதோ பாருங்கம்மா. பனை நார். பிரான்ஸ்ல பண்றாங்க. ஒரு குருவிக்குக்கூட ஒரு கீறல் கிடையாது."

"அடடா, அச்சு அசலா இருக்கே! மனசாட்சி உறுத்தாம போட்டுக்கலாம்."

பின்னறையில் இறகு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த ஹன்னா இரண்டாவது விற்பனையைக் காதால் கேட்டாள், முதலாவதை டோர்கஸே அவளிடம் சொல்லியிருந்தாள். பெல்லாமி அம்மாள் போனதும் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்தம்மாவுக்குச் செத்த கொக்கு, இந்தம்மாவுக்குப் பனை நாரு. நம்ம பிஷப்பை ஆளுக்கு ஒரு தரம் ஞானஸ்நானம் பண்ணிட்டீங்களே மதினி!"

"ஏட்டி, வாயை மூடு. ரெண்டு பேரும் சந்தோஷமாத்தான் போறாங்க."

"ஒரே பெஞ்சிலதான் உக்காருவாங்க, பாத்துக்கிடுங்க."

ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஒரு தொப்பியும் இன்னொரு தொப்பியும் ஞாயிற்றுக்கிழமை உரசிக்கொண்டன. இருவரும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள். கொலைகாரி என்று பெல்லாமி அம்மாள் நினைத்தாள், கஞ்சப் பிசினாரி என்று ராம்ஸ்டன் அம்மாள் நினைத்தாள். டோர்கஸுக்கு அதுவரை நிம்மதி.

பெந்தெகொஸ்தே வாரத்துத் திங்கட்கிழமை பெல்லாமி அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். புதன்கிழமை சபைத் தேநீர் விருந்து முடிந்ததும் சங்கத்திலிருந்து ஃபென்விக் என்ற நிபுணர் வந்து பேசப் போகிறார். இறகைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே எந்தப் பறவை என்று சொல்லிவிடுவாராம். "என் தொப்பியை எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட குடுக்கப் போறேன் மிஸ் ஹோல்ட். அழகுக்குக் கொலை வேண்டாம்னு ஊரே பாக்கட்டும். உங்க கடைக்கும் நல்ல பேரு!"

டோர்கஸ் அவசரமாகக் குறுக்கிட்டாள். "அம்மா, அந்தத் தொப்பியில ஒரு தையல் பிரிஞ்ச மாதிரி இருந்தது. ரெண்டு நாள் குடுத்து வையுங்க, சரி பண்ணித் தாரேன்."

"இல்லவே இல்லை, நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு எவ்வளவு அக்கறை!"

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி. மில்லுக்கு விடுமுறை வாரம். சபைப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் முன்வரிசைகளில் தொப்பிகள், பின்னால் சுவரோரம் சால்வைகள். விருந்தில் பன்றித்தொடை, சீரகக் கேக்கு, மாவு மூடிச் சுட்ட கோழிப் பை. கோழிப் பை ஹன்னா செய்தது. வால் போன சேவலைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று பிஷப்பை அறுத்துவிட்டிருந்தாள். ஃபென்விக் ஒல்லியான மனிதர், பசி மட்டும் ஒல்லி இல்லை. பை மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, பறவைகளின் துயரத்தைப் பற்றி அழுகிற குரலில் பேச ஆரம்பித்தார்.

நன்றாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். கூட்டில் காத்திருக்கிற குஞ்சுகளைப் பற்றிச் சொன்னபோது பின்னால் ஒரு சால்வைக்காரி மூக்கைச் சிந்தினாள். முன்வரிசையில் ஒருத்தரும் சிந்தவில்லை, தொப்பி அசைந்துவிடும். டோர்கஸ் நடுப்பாதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு தொப்பிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபது வருஷ உழைப்பு அந்த இரண்டு தலைகளில் உட்கார்ந்திருந்தது. இது அவிழ்ந்தால் மறுபடியும் சால்வை, மறுபடியும் தறி, அதுவும் நாற்பத்தொரு வயதில்.

பெல்லாமி அம்மாள் எழுந்தாள். ஊசிகளை உருவினாள். தொப்பியைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டுபோய் மேசையில் வைத்தாள். "செயற்கை," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "பனை நார்."

ஃபென்விக் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"அம்மா, மன்னிக்கணும். இது நார் இல்லை. இறகு."

பெல்லாமி அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. ராம்ஸ்டன் அம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கொக்கரித்தாள்.

"அப்படிப் போடு! சங்கத்துத் தலைவியே கொக்கு இறகு வெச்சிருக்காங்க! நானாவது ஒளிவுமறைவு இல்லாம வெச்சிருக்கேன். எங்கே, என்னதையும் பாருங்க சார். எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்லை." தானே தொப்பியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த நேரத்தில் டோர்கஸ் திரும்பிச் சுவரோரம் பார்த்தாள். ஹன்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹன்னாவின் வாய் அகலத் திறந்தது. சத்தம் இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக: "பிஷப் மாட்டிக்கிட்டாரு மதினி. ஓடிருங்க."

"எங்கேட்டி ஓடுறது?" என்று டோர்கஸும் உதட்டாலேயே கேட்டாள்.

பதற்றத்தில் இரண்டு பேருமே ஒன்றை மறந்துபோனார்கள். அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்த நாற்பது பெண்களும் தறிக்காரிகள். ஹன்னாவுடைய கோழிக் கொட்டகையில் யார் பிஷப் என்று அத்தனை பேருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் முன்னால் கோழிப் பையில் யாரைத் தின்றோம் என்றும் தெரியும். ஒருத்தி வாயைச் சால்வையால் அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் தோள் குலுங்கியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெரிய விக்கல் கேட்டது.

ஃபென்விக் இரண்டாவது தொப்பியையும் பார்த்து முடித்தார். அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது.

"நண்பர்களே, நல்ல செய்தி! இதோ, தண்டுல கத்தி பட்ட தடம் தெரியுது. இது கொக்கு இல்லை. சாதாரண வீட்டுச் சேவல்! அந்த அம்மாவோடதும் அதேதான். ரெண்டு பேருமே குற்றமற்றவங்க. எல்லாரும் ஒரு தரம் கை தட்டுங்க!"

கை தட்டியது பின்னால் மட்டும்தான். சால்வைக்காரிகள் காலையும் சேர்த்துத் தட்டினார்கள்.

ராம்ஸ்டன் அம்மாள் எழுந்து நின்றாள். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

"என்ன சொன்னீங்க? சேவலா? என் தலையிலயா?"

"ஆமாம்மா. நீங்க சந்தோஷப்படணும். உங்களால ஒரு பறவையும்..."

"வாயை மூடுய்யா! ரெண்டு பறவை செத்திருக்கு இதுக்கு! சவுத் அமெரிக்காவுல! எனக்காக! மூணு துண்டு பையைத் தின்னுட்டு, தின்ன கோழி ஞாபகத்துல பேசுறியா நீ?"

ஃபென்விக் பாவம், பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். பெல்லாமி அம்மாளுக்கு இப்போது ஒரு வழி புலப்பட்டது. ராம்ஸ்டன் சொல்வது சரியானால் இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் தன்னுடையது பனை நார்தான்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள் மெல்லிய குரலில். "கண்ணாடி பழசு போல இருக்கு."

நான்கு வருஷமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். ராம்ஸ்டன் அம்மாள் திரும்பி விரலை நீட்டினாள். "அவளையே கேளுங்க. டோர்கஸ், எழுந்து சொல்லு. என்னோடது நிஜம்தானே?"

டோர்கஸ் எழுந்தாள். இப்போது சொன்னால் தீர்ந்துபோகும். 'சேவல்தான் அம்மா, எந்தக் கொக்கும் சாகவில்லை' என்று ஒரே வாக்கியம். நாக்கு நுனி வரை வந்ததை அவள் பிற்பாடு ஹன்னாவிடம் ஒப்புக்கொண்டாள். பின்னால் நாற்பது சால்வைகள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருத்தி நினைத்தாலும் அவள் கடை அன்றே மூடியிருக்கும். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தொப்பிக்காரியை ஊருக்குள் எவ்வளவு பரிகசித்தாலும் முதலாளியம்மாவிடம் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

"ஆமாம்மா," என்றாள்.

"என்னோடது பனை நார்தானே மிஸ் ஹோல்ட்?" என்றாள் பெல்லாமி அம்மாள்.

"ஆமாம்மா."

அவ்வளவுதான். ஃபென்விக் பெட்டியை எடுத்துக்கொண்டு நாலரை மணி ரயிலைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் இரண்டு தொப்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. அன்று முழுவதும் மேட்டுத் தெருச் சால்வைக்காரிகள் எதிரில் வந்த டோர்கஸைப் பார்த்துச் சேவல் மாதிரி சத்தமில்லாமல் கூவினார்கள். டோர்கஸும் சிரித்துவிட்டாள். பிழைத்தோம் என்றுதான் நினைத்தாள்.

திங்கட்கிழமை கடை திறந்த உடனே ராம்ஸ்டன் அம்மாள் வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் உன்னைச் சந்தேகப்படலை. ஆனா அந்த ஆளு சேவல்னு சொல்லிட்டுப் போயிட்டான், ஊரு வாய் சும்மா இருக்குமா? எனக்கு இன்னொண்ணு வேணும். எவன் கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் மறுபேச்சு பேச முடியாத சரக்கு. லண்டனுக்கு எழுது."

"அம்மா, இதுவே நல்லாத்தானே..."

"எழுதுன்னா எழுது. இல்லேன்னா நான் மான்செஸ்டர்ல வாங்கிக்கிறேன். எங்க வீட்டுல ஆறு பொம்பளைங்க, ஞாபகம் இருக்கட்டும்."

டோர்கஸ் எழுதினாள். பத்தாவது நாள் தட்டையான ஒரு பெட்டி வந்தது. அவள் அதைத் தனியாகத்தான் பிரித்தாள். மெல்லிய தாளுக்குள் வெள்ளையாகக் கிடந்தது. அவள் மூச்சுப் பட்டதும் முழுவதும் அசைந்தது. தான் கத்தியால் கிழித்துக் கிழித்துச் செய்ததெல்லாம் துடைப்பம் என்று அப்போது தெரிந்தது. அடியில் இழைகள் சேருகிற இடத்தில் நகம் அளவு தோல் ஒட்டியிருந்தது. தோலின் ஓரத்தில் ரத்தம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. டோர்கஸ் அதைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷத் தொழிலில் அவள் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை, ஒன்றுக்கும் தூக்கம் கெட்டதில்லை. மண்டபத்தில் ராம்ஸ்டன் அம்மாளுக்குச் சொன்ன அந்த ஒரு 'ஆமாம்மா' மட்டும் இப்போது உறுத்தியது. வெட்கமாக இருந்தது. அழலாம் போலவும் இருந்தது, ஆனால் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

ராம்ஸ்டன் அம்மாள் இறகைக் கையில் எடுத்துக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தாள். "ஆகா," என்றாள். "இப்ப சொல்லட்டும் சேவல்னு."

டோர்கஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். "குடுங்கம்மா. அடியில கொஞ்சம் அழுக்கு இருக்கு, வெட்டிட்டுத் தைக்கிறேன்."

ராம்ஸ்டன் அம்மாள் குனிந்து பார்த்தாள். என்ன என்று புரிந்ததும் டோர்கஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதே! பைத்தியமா உனக்கு? அதுதானே அத்தாட்சி. விரலால தூக்கினா தெரியற மாதிரி தெச்சு விடு. நம்பாதவளுக்குக் காட்டணும்."

டோர்கஸ் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். விரலால் தூக்கினால் தெரிகிற மாதிரி, மெல்லிய மடிப்பு ஒன்று வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ராம்ஸ்டன் அம்மாள் அதை ஏழெட்டுப் பேருக்குத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் காலையில் கடைக்கு நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேருமே தோலோடு கேட்டார்கள்.